பள்ளிப் பிள்ளைகள் திரட்டும் பணத்தால் ஒரு மழைக்காடு பிழைக்குமா?

கேட்டவர் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஏழாம் வகுப்பில் மழைக்காடு பாடம் முடிந்ததும், 'நாமும் பணம் திரட்டி அனுப்பலாம் டீச்சர்' என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்களாம். 'நாலாயிரமோ ஐயாயிரமோ சேரும். அதை வைத்து ஒரு காட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஆண்டு விழா அறிக்கையில் ஒரு வரி எழுதத்தான் இதெல்லாம் உதவுமோ?' என்கிறார்.

நியாயமான சந்தேகம்தான். ஆனால் இப்படிப் பிள்ளைகள் காசில் தொடங்கிய ஒரு காடு மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் இன்றும் நிற்கிறது. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கே பணம் வேலை செய்தது, எங்கே பணத்தால் ஒன்றும் ஆகவில்லை என்ற இரண்டும் அதில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் என்ன செய்யலாம் என்பதை அப்புறம் பார்ப்போம்.

1987. சுவீடனில் ஃபாகர்விக் என்ற ஊரில் ஒரு சின்னப் பள்ளி. ஏஹா கெர்ன் என்ற ஆசிரியை தன் வகுப்பில் மழைக்காடுகள் பற்றியும் அவை அழியும் வேகம் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். கோஸ்டா ரிக்காவின் மான்டெவெர்டே மலைக்காட்டில் ஆய்வு செய்த ஷரோன் கின்ஸ்மன் என்ற அமெரிக்க உயிரியலாளர் அந்தப் பள்ளிக்கு வந்து ஸ்லைடு படங்கள் காட்டினார். காட்டை வெட்டுகிறார்கள் என்றால் நாமே அதை வாங்கிவிட்டால் என்ன என்று பிள்ளைகள் மத்தியில் பேச்சு வந்தது. அந்த யோசனையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ரோலண்ட் டியென்சு. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். இந்த ஆசிரியை போகவில்லை. பிள்ளைகள் மழைக்காட்டைப் பற்றி நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், கையால் செய்த பொருட்களை விற்றார்கள். முதல் சுற்றில் சேர்ந்த பணத்துக்கு 6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர் காடு கிடைத்தது.

பிள்ளைகள் காசுக்கு 15 ஏக்கரா என்று தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. அன்றைய கோஸ்டா ரிக்காவில் காட்டு நிலம் மலிவு. காட்டை வெட்டித் திருத்தினால்தான் அது 'பயன்படுத்திய நிலம்', அதை வைத்துத்தான் உரிமை கோர முடியும் என்பது பல பத்தாண்டு வழக்கம். மரம் நிற்கும் நிலத்தைச் சோம்பேறி நிலம் என்றே பார்த்தார்கள். போதாக்குறைக்கு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் மாட்டிறைச்சி ஏற்றுமதி சூடுபிடித்திருந்தது. மேய்ச்சல் நிலத்துக்காகக் காடு போய்க்கொண்டே இருந்தது. 1980-களில் நாட்டின் நிலப்பரப்பில் கால்பங்கு அளவுக்குக் காடு சுருங்கிவிட்டது. ஆக, அந்தப் பிள்ளைகளின் பணம் போய்ச் சேர்ந்த நேரம் முக்கியம். பத்து வருஷம் தள்ளிப் போயிருந்தால் அதே நிலத்தில் மாடு மேய்ந்திருக்கலாம்.

பணம் போய்ச் சேர்ந்த இடம் அதைவிட முக்கியம். மான்டெவெர்டே ஏற்கெனவே விழித்திருந்த ஊர். அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து குவேக்கர் சமயக் குடும்பங்கள் சில 1951-இல் அங்கே குடியேறின. போருக்கு ஆள் அனுப்ப மறுத்தவர்கள் அவர்கள். 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு என்பதால் கோஸ்டா ரிக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தாலும், ஓடைகள் ஊற்றெடுக்கும் மேல்மலையில் 554 ஹெக்டேரை வெட்டாமல் ஒதுக்கி வைத்தார்கள். 1972-இல் அதையொட்டி முகில்காட்டுக் காப்பகம் உருவானது; மேகம் படிந்தே கிடக்கும் மலைக்காடுதான் முகில்காடு. 1986-இல் உள்ளூர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து மான்டெவெர்டே பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கினார்கள். சுவீடன் பிள்ளைகளின் பணத்தை வாங்கி, மலையின் மறுபுறச் சரிவிலுள்ள பென்யாஸ் பிளான்காஸ் பள்ளத்தாக்கில் நிலம் பார்த்து, பேரம் பேசி, பத்திரம் முடித்தது இந்தக் கழகம்தான். கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இந்தப் பத்திர வேலை பார்த்தவர்கள்தான் கதையின் மறுபாதி.

ஏஹா கெர்னும் அவர் கணவரும் 'பார்னென்ஸ் ரெக்ன்ஸ்கூக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரின் பொருள் 'பிள்ளைகளின் மழைக்காடு'. சுவீடனின் மற்றப் பள்ளிகள் சேர்ந்தன. பிறகு பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் என்று பரவி, மொத்தம் 44 நாடுகளின் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். 1991-இல் ஏஹா கெர்னுக்கும் ரோலண்டுக்கும் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 6 ஹெக்டேரில் தொடங்கியது இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல். 'பிள்ளைகளின் நிரந்தர மழைக்காடு' என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் பெயர். கோஸ்டா ரிக்காவின் மிகப் பெரிய தனியார் காப்பகம் அது. அளவு மனதில் நிற்க வேண்டுமென்றால், நம் வால்பாறைப் பீடபூமியின் மொத்தப் பரப்பும் சுமார் 220 சதுர கிலோமீட்டர்தான். தேயிலைக்கும் காபிக்கும் நாம் வெட்டிய ஒரு பீடபூமி அளவுக்கு அங்கே ஒரு காட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிதாக ஏன் வேண்டும், மலை உச்சியில் கொஞ்சம் காடு இருந்தால் போதாதா என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்டால் குவெட்சால் பறவையைக் காட்டுங்கள். பச்சை மினுங்கும் உடம்பு, சிவந்த வயிறு, ஆணுக்கு உடலைவிட நீளமான வால் இறகுகள். காட்டு அவகாடோ இனப் பழங்களை முழுசாக விழுங்கி, சதை கரைந்தபின் கொட்டையை வாய்வழியே துப்பும். அப்படித் துப்பிய இடத்தில் மரம் முளைக்கும். முகில்காட்டில் கூடு கட்டுவதால் அங்கேயே வாழ்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். சிறு ரேடியோக் கருவி கட்டி ஜார்ஜ் பவல் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தபோது, கூடு கட்டும் பருவம் முடிந்ததும் அவை மலையின் ஒரு சரிவில் கீழே இறங்கி, பிறகு உச்சியைத் தாண்டி மறு சரிவுக்கும் போகின்றன என்று தெரிந்தது. எந்த உயரத்தில் எந்த மாதம் பழம் பழுக்கிறதோ அங்கே. உச்சியை மட்டும் காத்தால் வருஷத்தில் சில மாதம் பறவைக்குச் சோறு கிடையாது. பிள்ளைகளின் காடு உச்சியிலிருந்து அட்லான்டிக் பக்கம் வெகுதூரம் கீழே இறங்குவதால் அந்தப் பாதியையாவது மூடிவிடுகிறது. பசிபிக் பக்கச் சரிவில் பண்ணைகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகளை இணைக்கும் வேலை இன்னும் நடக்கிறது.

சரி, வாங்கியாயிற்று. அடுத்த நாள் காலை என்ன? இங்கேதான் பெரும்பாலான நிதி திரட்டல்கள் தடுமாறுகின்றன. பத்திரத்தைப் பார்த்து வேட்டைக்காரன் திரும்பிப் போவதில்லை. பாக்கா என்ற கொழுத்த கொறிவிலங்குக்காக இரவில் நாயோடு வருபவர்கள் உண்டு. குருத்துக்காகப் பனை இன மரங்களை வெட்டுபவர்கள் உண்டு. காலியாகத்தானே கிடக்கிறது என்று குடிசை போடுபவர்களும் உண்டு. அதற்குக் காவலர்கள் வேண்டும். காவலர்களுக்குச் சம்பளம், ரப்பர் பூட்ஸ், வயர்லெஸ், சேற்றுப் பாதையில் ஓடும் வண்டி. ஒரு ஏக்கர் வாங்கக் காசு கேட்டால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கொடுப்பார்கள். காவலரின் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் கவர்ச்சியாக இருக்காது. 1990-களில் உலகத்தின் மழைக்காட்டு ஆர்வம் மெல்ல வடிந்தபோது கழகம் நிலம் வாங்குவதைக் குறைத்து, இருப்பதைக் காப்பதற்கே வழி தேட வேண்டியதாயிற்று.

தேடிய வழிகள் சுவாரசியமானவை. 1996-இல் கோஸ்டா ரிக்கா ஒரு வனச் சட்டம் கொண்டுவந்தது. நிற்கும் காடு கரியமில வாயுவைப் பிடித்து வைக்கிறது, நீரைத் தருகிறது, உயிரினங்களைக் காக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது. இந்த நான்கு சேவைக்கும் காட்டுக்காரருக்குப் பணம் தரலாம் என்றது. எரிபொருள் வரியிலிருந்து அதற்கு நிதி ஒதுக்கினார்கள். 1998-இல் லா எஸ்பெரான்சா என்ற சிறிய நீர்மின் நிலையம், தன் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் காடு பிள்ளைகளின் காடுதான் என்பதால், அதைக் காப்பதற்குக் கழகத்துக்கு நேரடியாகப் பணம் தர ஒப்பந்தம் போட்டது. போகோசோல், சான் ஹெரார்தோ என்ற இரண்டு தங்குமிடங்களில் மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்து தங்குகிறார்கள். அதிலும் கொஞ்சம் வருமானம். சுற்றியிருக்கும் பால் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து, பலத்த காற்றைத் தடுக்க மேய்ச்சல் நில ஓரங்களில் மரவரிசைகள் நடும் திட்டத்தையும் கழகம் நடத்தியது. காற்று அடங்கினால் மாட்டுக்கும் நல்லது, புல்லுக்கும் நல்லது. பறவைகளுக்குத் துண்டுக் காடுகளுக்கு நடுவே ஒரு பாதையும் கிடைக்கிறது. பக்கத்து விவசாயியைப் பகைத்துக்கொண்டு எந்தக் காப்பகமும் நிலைத்ததில்லை.

பணத்தால் ஆகாத ஒன்றையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மான்டெவெர்டேயின் மலைமுகட்டில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பொன்னிறத் தேரை இருந்தது. ஆண்கள் பளீரென்ற ஆரஞ்சு நிறம். மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் சிறு குட்டைகளில் கூட்டமாகக் கூடும். சுவீடன் பிள்ளைகள் காசு சேர்க்கத் தொடங்கிய அதே 1987-இல் 1,500-க்கும் மேல் எண்ணினார்கள். மறு வருஷம் அதே குட்டைகளில் ஒன்றே ஒன்று. 1989-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அது வாழ்ந்த இடம் வெட்டப்படாத, காவல் உள்ள காடு. வழக்கத்தை மீறி வறண்ட பருவமும், தவளைகளின் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயும் காரணமென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேலி, காவல், பத்திரம் எதுவும் அதைத் தடுத்திருக்காது. 'ஒரு மரம் நட்டால் பூமி பிழைக்கும்' என்று சுவரில் எழுதிக் கொடுப்பதைவிட இந்தத் தேரையின் கதை ஏழாம் வகுப்புக்கு நல்ல பாடம். அவர்கள் தாங்குவார்கள், நாம்தான் பயப்படுகிறோம்.

பணமே திரட்டாமல் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மேடிசன் வோர்வா, ரியானன் டோம்டிஷென் என்று இரண்டு சிறுமிகள். 2007-இல் பதினோரு வயது. சாரணியர் இயக்கத்தின் ஒரு விருதுக்காக ஒராங்குட்டான் குரங்குகளைப் பற்றிப் படிக்கப் போனார்கள். இந்தோனேசியா, மலேசியக் காடுகளை எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் விழுங்குவதால் குரங்குகளுக்கு இடமில்லை என்று தெரிந்தது. அப்புறம், சாரணியர் வீடு வீடாக விற்கும் பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே பாமாயில். விற்பதை நிறுத்தினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், வருஷக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். 2011-இல் சாரணியர் இயக்கம் பாமாயில் குறித்து ஒரு கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை இருவரையும் 'காடுகளின் நாயகர்' விருதுக்குத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கொள்கை அரைகுறையானது என்ற விமர்சனம் அன்றே வந்தது. சான்றிதழ் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டும் முறை அது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பெரிய நிறுவனம் பதில் சொல்லும்படி ஆனதே, அது இரண்டு பிள்ளைகள் பெட்டியைத் திருப்பிப் படித்ததால்.

இது நமக்கு ரொம்பப் பக்கத்து விஷயம். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நம் ரேஷன் கடையிலும் அதுதான் வருகிறது. பிள்ளைகள் வீட்டிலுள்ள பிஸ்கட், சோப்பு, சிப்ஸ் உறைகளைக் கொண்டுவந்து சேர்மானப் பட்டியலைப் படிக்கட்டும். ஒரு பைசா செலவில்லாத திட்டம். ஒரே எச்சரிக்கை: 'உங்கள் வீட்டில் பாமாயில் வாங்காதீர்கள்' என்று முடித்துவிடாதீர்கள். ரேஷன் எண்ணெயில் சமைக்கும் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் கூனிக் குறுகக் கூடாது. தவிர, ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெய் அளவுக்கு வேறெந்தப் பயிரும் தருவதில்லை. அதைக் கைவிட்டால் மற்ற பயிருக்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். எந்த நிலத்தில் நட்டார்கள், காட்டை வெட்டியா வெட்டாமலா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இனி உங்கள் ஐயாயிரம் ரூபாய். சுவீடன் மாதிரியை இங்கே அப்படியே எடுக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள் பெரும்பாலும் அரசு வனத்துறையிடம் இருக்கின்றன, விலைக்கு வராது. இங்கே தனியார் கையில் இருப்பது எஸ்டேட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட துண்டுக் காடுகள். அவற்றில் செய்ய வேண்டியது மீட்பு வேலை. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு எஸ்டேட் நிறுவனங்களோடு பேசி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இதைச் செய்துவருகிறது. சாலையோரம் விழுந்து கிடக்கும் காட்டு மர விதைகளைப் பொறுக்குகிறார்கள். அங்கே கிடந்தால் வண்டிச் சக்கரத்தில் நசுங்கத்தான் போகின்றன. நாற்றங்காலில் நிழலில் வளர்த்து, உண்ணிச்செடிப் புதரை அகற்றிய இடத்தில், தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள்.

விதைப்பந்து பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் உங்கள் தலைமையாசிரியர் அடுத்து அதைத்தான் சொல்வார். மழைக்காட்டுக்கு விதைப்பந்து வேண்டவே வேண்டாம். வெடிபலாவை எடுத்துக்கொள்ளுங்கள். டுரியான் குடும்பத்து மரம். கிளையிலேயே முள்முள்ளாகக் காய்க்கும். சிங்கவால் குரங்குக்கு அதன் பூவும் விதையும் முக்கிய உணவு. அதன் விதை பெரிது, ஈரமானது. காயவைத்தால் செத்துவிடும், புளியங்கொட்டை மாதிரி டப்பாவில் போட்டு வைக்க முடியாது. உருண்டை பிடித்து வெயிலில் உலர்த்திப் பேருந்திலிருந்து வீசினால் வீசியவருக்குத் திருப்தி, அவ்வளவுதான். பந்துக்குள் பொதுவாகப் போடும் புங்கன், புளி, வேம்பு எல்லாம் சமவெளி மரங்கள்; சோலைக்குள் அவற்றுக்கு வேலையில்லை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம் என்பது தனி.

ஆகவே பணத்தைக் கன்று நடுவதற்கு என்று கேட்காதீர்கள். களை எடுப்பதற்கும் காவலுக்கும் என்று கேளுங்கள். நட்ட கன்றைச் சுற்றி உண்ணிச்செடி மறுபடி ஏறும். இரண்டு மூன்று வருஷம் திரும்பத் திரும்பப் போய் அறுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். ஐயாயிரம் ரூபாய் சில நாள் கூலிக்குத்தான் ஆகும். ஆனால் ஒரு பள்ளி ஐந்து வருஷம் தொடர்ந்து அதையே அனுப்பினால், நடும் நாளில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் பெரிய நன்கொடையாளரைவிட அந்தப் பள்ளியைத்தான் காட்டில் வேலை பார்ப்பவர்கள் மதிப்பார்கள்.

யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் பிள்ளைகளையே கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்த இடம், நிலம் யாருடையது, எந்தெந்த மரங்கள், மூன்று வருஷத்துக்கு முன் நட்டவற்றில் எத்தனை பிழைத்தன, தணிக்கை செய்த கணக்கை அனுப்புவீர்களா, வருமான வரிச் சலுகைக்கான ரசீது உண்டா. பிழைத்த கணக்கைக் கேட்டதும் பதில் நின்றுபோனால் அந்த அமைப்பை விட்டுவிடுங்கள். இணையத்தில் 'உங்கள் பெயரில் ஒரு ஏக்கர்' என்று சான்றிதழ் தருபவர்களிடமும் இதே கேள்விகள்தான். கோஸ்டா ரிக்காவுக்கே அனுப்ப வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், பள்ளிக் கணக்கிலிருந்து வெளிநாட்டு அமைப்புக்குச் சின்னத் தொகை அனுப்பும் வங்கி நடைமுறை உங்களைப் படுத்தி எடுத்துவிடும், பாதிக் காசு கட்டணத்தில் போகும். அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள், காசை இங்கேயே செலவிடுங்கள்.

திரட்டும் முறையில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். 'அதிகம் வசூலித்தவருக்குப் பரிசு' என்று அறிவிக்காதீர்கள். முதல் பரிசு வசதியான வீட்டு அப்பாவின் காசோலைக்குப் போகும். நாடகம் போடட்டும், பழைய புத்தகமோ கையால் செய்த சுண்டலோ பள்ளி வாசலில் விற்கட்டும், யார் எவ்வளவு என்று பெயர் போட்டு எழுதாமல் எல்லாம் ஒரே உண்டியலில் விழட்டும். எண்ணுவதும் கணக்கெழுதுவதும் பிள்ளைகள் வேலை.

பருவமழை ஜூன் மாதம். மீட்பு வேலை செய்பவர்கள் ஆட்களையும் கன்றுகளையும் ஏப்ரல், மே மாதத்திலேயே கணக்குப் பண்ணிவிடுவார்கள். நாடகத்தைப் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வைத்துக்கொண்டால் பிப்ரவரி முடிவதற்குள் பணம் கையில் இருக்கும், முழு ஆண்டுத் தேர்வுக்கும் இடைஞ்சல் வராது.